முள்ளுக்குள் இவ்வளவு வைரமா! நாட்டுக்கருவேலம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையைப் பிடித்து மேற்கே போனால் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அதற்கப்புறம் மலை. அடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். போகிறவர்கள் கண்ணெல்லாம் ஆற்றிலும் அருவியிலும்தான் இருக்கும். ஆனால் வழியில் கண்மாய்க்கரையிலும் வரப்போரத்திலும் ஆட்டுக்காரர்கள் துரட்டியால் உலுக்குகிற அந்தக் கறுப்புப்பட்டை மரத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? முள்ளு மரம், விறகு மரம் என்று தாண்டிப் போய்விடுகிறோமே, அதன் கட்டை தேக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமானது என்பது தெரியுமா?

ஆமாம், நாட்டுக்கருவேலம்தான்! வீட்டு நிலைக்குத் தேக்கு வேண்டும் என்று கடன் வாங்கிக்கூடச் செலவழிக்கிறோம். அதைவிடக் கெட்டியான மரத்தை டன் கணக்கில் எடைபோட்டு அடுப்புக்கும் சூளைக்கும் அனுப்புகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரெல்லாம் பரவிக் கிடக்கிற சீமைக்கருவேலம் வேறு, இது வேறு. சீமைக்கருவேலம் நம்மூர் மரமே இல்லை. 1876-77 வாக்கில் சென்னை மாகாண வனத்துறை வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து, கடப்பைப் பக்கம் விறகுக்காக நட்டதில் தொடங்கியது அதன் கதை. பேரில்தான் உறவு, இனத்தில் இல்லை. அடையாளம் சுலபம். நாட்டுக்கருவேலம் பூத்தால் மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாக இருக்கும். சீமையின் பூ நீளமான கதிர். நாட்டுக்கருவேல நெற்று மணி கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கி, சாம்பல் பூத்து நிற்கும். சீமையின் நெற்று ஒடுக்கமில்லாமல் மஞ்சளாக நீளும். நாட்டு மரத்தின் முள் வெள்ளையாக, நேராக, இரண்டிரண்டாக இருக்கும். இனிமேல் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்ப் பக்கம் போனால் நெற்றைப் பார்த்துவிட்டு மரத்தின் பேரைச் சொல்லுங்கள்!

சரி, ஒரு மரம் எவ்வளவு கடினம் என்பதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டை எடுத்து, அதில் பாதி கட்டைக்குள் இறங்கும்வரை அழுத்துகிறார்கள். அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டதோ, அதுதான் அந்த மரத்தின் கடினம். ஆஸ்திரியாக்காரர் காப்ரியேல் யாங்கா 1906இல் வகுத்த சோதனை இது. இன்றும் பல நாடுகளில் இதுதான் அளவுகோல். தேக்குக்கு ஏறக்குறைய 1,070 பவுண்டு விசை போதும். ஆஸ்திரேலியாவின் கிட்ஜி மரத்துக்கு 4,270 பவுண்டு வேண்டும், நான்கு மடங்கு! தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கிவிடும் அந்தக் கிட்ஜியும் வேல மர வகைதான். உலகத்தின் மிகக் கெட்டியான மரங்களின் பட்டியலை எடுத்தால் உச்சிப்பக்கத்தில் நம் கருவேலத்தின் உறவினர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னும் பின்னால் போவோம், பாரோக்களின் எகிப்துக்கு! நைல் நதியில் சரக்கு ஏற்றிப் போன படகுகள் எந்த மரத்தில் கட்டப்பட்டவை தெரியுமா? இதே வேலமரத்தில்! கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அங்கே 'பாரிஸ்' என்ற படகு கட்டுவதை எழுதி வைத்தார். முள்மரத்தை இரண்டு முழத் துண்டுகளாக அறுத்து, செங்கல் அடுக்குவதுபோல அடுக்கி, நீண்ட மரச் செருகல்களால் கோக்கிறார்கள் என்று அவர் சொன்னது அறிஞர்களுக்கு நூற்றாண்டுக்கணக்கில் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட படகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே! 2000ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் மூழ்கிப்போன தோனிஸ்-ஹெராக்லியான் துறைமுகத்தை ஃபிராங்க் கோடியோவின் குழு கண்டுபிடித்தது. அங்கே சேற்றில் புதைந்து கிடந்த கப்பல்களில் 17ஆம் எண் கப்பலை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து 2019இல் நூலாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய 28 மீட்டர் நீளம். வேலமரப் பலகைகள். கட்டிய விதம் ஹெரோடோட்டஸ் சொன்னபடியே! கப்பல் உடம்பில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புத் தண்ணீரின் அடியில் கிடந்தும் தப்பியிருக்கிறது.

ஏன் துண்டு துண்டாக அறுத்தார்கள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கருவேலம் நீளமான, நேரான அடிமரம் தராது. ஆள் உயரத்துக்குமேல் போவதற்குள் கோணும், கவை விடும். நீளப் பலகை கேட்டால் கிடைக்காது. எகிப்தியத் தச்சன் மரத்தோடு மல்லுக்கட்டவில்லை, மரம் தருகிற அளவுக்குத் தன் கப்பலை மாற்றிக்கொண்டான்.

நம் ஊர்த் தச்சர் இன்னும் ஒருபடி மேலே போனார், தெரியுமா? அவர் கோணலைத்தான் தேடிப் போனார்! ஏர்க்கலப்பைக்கு வளைந்த கட்டை வேண்டும். நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் இடையில் வெட்டுப்பட்டுவிடும். கல் தட்டினால் அந்த இடத்தில்தான் உடையும். தானாகவே வளைந்து வளர்ந்த கருவேலக் கவையில் நார் வளைவோடு கூடவே ஓடும். அதனால் மரத்தை வெட்டுவதற்கு முன்பே சுற்றிச் சுற்றி வந்து, இந்தக் கிளை கலப்பைக்கு, அந்த அடி வண்டிக்குடத்துக்கு, மேலே போகிற கொம்பு நுகத்தடிக்கு என்று நின்ற மரத்திலேயே பங்கு பிரித்துவிடுவார். குஜராத்தின் மாண்ட்வியில் மரக்கப்பல் கட்டுகிறவர்கள் கப்பலின் வளைந்த விலா எலும்புகளுக்கு நாட்டுக்கருவேலத்தைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நெருங்கி நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம். அதிலிருந்து ஆரக்கால்கள், பெரும்பாலும் பன்னிரண்டு. வெளிவட்டத்தில் ஆறு வட்டைத் துண்டுகள்; ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். இதில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை! எல்லாம் செருகல். பிறகு இரும்புப் பட்டாவை, சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக அடித்து, வறட்டியைச் சுற்றி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு விரியும். நாலு பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டும்போது மரம் புகைந்து எரியத் தொடங்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்குகிற அந்த நேரத்தில் சக்கரத்தின் ஒவ்வொரு பொருத்தும் 'கிறீச்' என்று உள்ளே இறுகும். அந்தப் பிடியில் சாதாரண மரம் நசுங்கிவிடும். கருவேலம் தாங்கும்! இந்தியா முழுக்க வண்டிச் சக்கரத்துக்கு இதைத் தேடியது சும்மா அல்ல. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் இதற்கு நிகரான மரங்கள் சிலவே. டயர் வண்டி வந்தபின் இந்த வேலை தெரிந்தவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். மரம் அழிவதைவிட இந்தக் கைவேலை அழிவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. மரம் மறுபடி முளைக்கும்.

எண்ணெய்ச் செக்கு, கரும்பு ஆலை, நெல் குத்துகிற உலக்கை, கூடார முளை, துடுப்பு, கோடாலிக் காம்பு… அடியும் உராய்வும் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்த மரம் இருந்தது. பக்கத்துச் சிவகாசியில் தீக்குச்சிக்கு மட்டும் இது ஆகாது. அதற்குப் பெருமரம் போன்ற மென்மையான கட்டைதான் சரி. அந்தக் காலத்தில் சிந்து நதியில் ஓடிய நீராவிப் படகுகளுக்கும் பிறகு ரயில் என்ஜின்களுக்கும் எரிபொருளாகப் போனதும் கருவேலக் காடுகள்தான்!

யூதர்களின் உடன்படிக்கைப் பெட்டி எந்த மரத்தில் செய்யப்பட்டதாக விவிலியம் சொல்கிறது தெரியுமா? தமிழ் விவிலியத்தில் 'சீத்திம் மரம்' என்று வருமே, அதுவும் வேல மரக் குடும்பம்தான்.

இப்போது கடைசலுக்கு வருவோம். கருவேலத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? காய்ந்த கட்டையை ஏற்றினால் உளியின் கூர் நிமிடத்தில் போய்விடும். சுருளாக வரவேண்டிய சீவல் தூளாகக் கொட்டும். ஆனால் வெட்டிய ஈரம் இருக்கும்போதே ஏற்றிப் பாருங்கள், கதையே வேறு! சீவல் நீளநீளமாகச் சுருண்டு வரும். முதலில் மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிகிற உட்கட்டை, அதாவது வைரம், காற்றுப் படப்படச் செம்பழுப்பாகி, நாள்போக்கில் இன்னும் கறுத்துக்கொண்டே போகும். வெளியே இருக்கிற வெள்ளைப் பகுதியும் உள்ளே இருக்கிற செம்பழுப்பும் சேர்ந்து ஒரே கிண்ணத்தில் இரட்டை நிறம், சாயமே இல்லாமல்! பம்பரம், மத்து, சப்பாத்திக்கட்டை, கட்டில்கால், உளிப்பிடி எல்லாவற்றுக்கும் இது ஏற்றது.

ஈரத்தில் முழு அளவுக்குக் கடைந்து முடித்துவிடக் கூடாது என்பதுதான் ரகசியம். கனமாக, உத்தேச வடிவத்துக்கு மட்டும் கடைந்து, நிழலில் மாதக்கணக்கில் ஆறவிட வேண்டும். அதற்குள் அது கொஞ்சம் கோணும், கோணட்டும். பிறகு மறுபடி ஏற்றி நேர்செய்தால், அப்புறம் அவ்வளவாக அசையாது. முழுக்கட்டையாக வைப்பதானால் இரண்டு வெட்டுமுகங்களிலும் மெழுகோ சாணியோ பூசிவிடுங்கள்; ஈரம் அந்த முகங்கள் வழியாகத்தான் அவசரமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் விழும். ஆணி அடிக்க நினைக்காதீர்கள், வளைந்துவிடும். முதலில் துளை போடுங்கள்.

வெள்ளைப் பகுதிக்கு ஒரு எதிரி உண்டு: கட்டையைத் துளைத்து மாவாக்கும் வண்டு. அதற்கு நம் பழைய ஆட்கள் கண்ட மருந்து என்ன தெரியுமா? தண்ணீர்! வெட்டிய கட்டையைக் கண்மாயிலோ கிணற்றிலோ சில மாதங்கள் முழுக்கிப் போட்டுவிடுவார்கள். மரத்துக்குள் இருக்கிற மாவுச்சத்து வடிந்துவிடும். வண்டுக்கு வேண்டிய தீனியே இல்லை! ஒரு பைசா செலவில்லை, விஷமருந்தும் இல்லை.

பளபளப்புக்கும் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் செப்புச்சாமான் கடைகிறவர்கள், சுழல்கிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தி மெருகேற்றுகிறார்கள். இந்த ஊர்களில் கடைவது வேறு மரங்கள். ஆனால் அதே வித்தை கருவேலத்துக்கும் பொருந்தும். ஏன் யாரும் பெரிய அளவில் செய்து பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கருங்காலி மாலைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இத்தனை மவுசு? ஒரு மாலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். இதில் ஒரு சேதி தெரியுமா? தமிழில் கருங்காலி என்று இரண்டு வேறு வேறு மரங்களைச் சொல்கிறோம். ஒன்று, கன்னங்கரேலென்று இருக்கும் எபனி; தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. இன்னொன்று வேல மர வகை! வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டி இருக்கிறதே, அது இந்த வேலக் கருங்காலியின் வைரத்தைச் சீவல் சீவலாக்கிக் கொதிக்கவைத்து வடிக்கிற சத்துதான். வெற்றிலை போட்டால் வாய் சிவப்பதில் சுண்ணாம்போடு இதற்கும் பங்கு உண்டு. செவ்வாய் கிரகத்துக்கு ஓமத்தில் இடுகிற சமித்தும் இதுதான். கப்பல் பாய்களும் மீன்வலைகளும் மக்கிப்போகாமல் இருக்க மேலைநாட்டுக்காரர்கள் இந்தச் சாற்றில் தோய்த்தெடுத்தார்கள். தண்ணீரில் மூழ்கினால் அசல் கருங்காலி என்று விற்கிறார்களே, அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கெட்டியான மரங்கள் பலவும் மூழ்கும்!

வேல மர வகைகளில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், விட்டுவிட மனம் வரவில்லை. ஒன்று வெள்வேல். பட்டைச்சாராயம் என்ற பேரில் வரும் அந்தப் பட்டை எது தெரியுமா? இந்த மரத்தினுடையது! இன்னொன்று தூத்துக்குடி, ராமநாதபுரம் தேரிகளில் குடை விரித்து நிற்கிற உடைமரம். ஆப்பிரிக்கப் படங்களில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் தெரியுமே, அதே உருவம். தென்தமிழகத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இது கிடையாது.

இந்த மரங்களுக்கு ஒரு வழக்கும் நடந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் வேல மரங்களின் தாவரவியல் பேரான 'அக்கேசியா' யாருக்கு என்று பெரிய சண்டை. ஏறக்குறைய ஆயிரம் வகை வைத்திருக்கிற ஆஸ்திரேலியா ஜெயித்தது. அந்தப் பேருக்கே மூலமரமாக இருந்த கருவேலம் பேரை இழந்தது! புதிதாகக் கிடைத்த பேர் 'வாச்செல்லியா'. அது எங்கே பிறந்த பேர் தெரியுமா? 1834இல், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ராபர்ட் ஒயிட், அர்னாட் என்பவரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில்!

பேரைப் பறித்த ஆஸ்திரேலியாவுக்கு மரம் கொடுத்த பதிலைக் கேளுங்கள். 1890களில் நிழலுக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் என்று குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோன நம் கருவேலம், இன்று அங்கே அறுபது லட்சம் ஹெக்டேருக்குமேல் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. அந்த நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் அது உண்டு. இங்கே சீமைக்கருவேலம் செய்வதை அங்கே நம் நாட்டுக்கருவேலம் செய்கிறது! மரபணுவைச் சோதித்துப் பார்த்து, இது இந்தியாவிலிருந்து போன வகை என்று உறுதிசெய்துகொண்டு, அதைத் தின்னும் பூச்சியைத் தேடி அவர்கள் வந்தது எங்கே? தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும்! 2008 முதல் 2011 வரை கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தோடு சேர்ந்து நம் கருவேல மரங்களில் பூச்சி பொறுக்கினார்கள்.

நம் மண்ணில் அந்தப் பூச்சிகள் எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் மரம் கட்டுக்குள் நிற்கிறது. ஆடு நெற்றைத் தின்று விதையைப் புழுக்கையோடு போடும். குடலில் ஊறிய அந்த விதை எளிதாக முளைக்கும். கண்மாய் நிறைந்து மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் மரம் சாகாது. 1960களிலிருந்தே தமிழக வனத்துறை கண்மாய்களுக்குள் இதை நட்டு வளர்த்ததற்கு இதுதான் காரணம். ராமநாதபுரத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிற பறவைகள் சரணாலயங்கள். அங்கே நாரைகள் கூடு கட்டுவது தண்ணீருக்கு நடுவில் நிற்கிற இந்தக் கருவேல மரங்களின் மேல்தான். முள் இருக்கிறது, பூனை ஏறாது!

கருவேலக் கட்டையைக் கடைந்து பார்க்க ஆசை வந்துவிட்டதா? அய்யனார் கோவில் பக்கம் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். அந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021இலிருந்து 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். விழுந்து கிடக்கிற சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. கண்மாய் மரங்களை ஏலம் எடுத்தவர்களிடமும், பட்டா நிலத்தில் மரம் வெட்டுகிறவர்களிடமும், விறகுக்கடையிலும் கேளுங்கள். கரிமூட்டத்துக்குப் போகவிருந்த குவியலில் கவையாகப் பிரிகிற இடத்தைத் தேடி எடுங்கள். நார் பின்னிக்கொண்டு ஓடுகிற அந்த இடத்தில்தான் கடைந்தால் அழகான கோலம் விழும். வெட்டி ஒரு வாரம் தாண்டாத கட்டையா என்று கேட்டு வாங்குங்கள். கடைசல்காரரிடம் கொடுக்கும்போது உளியை நாலு தரம் தீட்ட வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூலியில் அதையும் சேர்த்துக்கொள்வார்.